கட்டர்ஹெட் அறைக்குள் போகும் முன் என்னிடம் யாரும் சொல்லாதவை

டிபிஎம், அதாவது சுரங்கம் தோண்டும் ராட்சத மெஷின், ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய பயம் கிடையாது. சத்தம் உண்டு, புழுக்கம் உண்டு, லோகோ (சுரங்கத்துக்குள் ஓடும் சின்ன ரயில்) வரும் பாதையில் நிற்காமல் இருந்தால் போதும். மெஷின் நின்று, தேய்ந்த பற்களை மாற்ற ஆள் முன்னால் போகவேண்டி வரும்போதுதான் விஷயம் வேறு மாதிரி ஆகிறது. நான் டிப்ளமோ மெக்கானிக்கல். சென்னையில் மெட்ரோ சுரங்க வேலையில் ஃபிட்டராக இருந்தேன்; கம்பெனி ரோலில் இல்லை, ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி வழியாக. ஏஜென்சி பெயரையும் சைட்டையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்னும் அங்கே இருக்கும் பையன்களுக்குத்தான் தொந்தரவு. ஆனால் என் உடம்புக்கு என்ன ஆனது, கையை விட்டு எவ்வளவு போனது, உள்ளே போகிறவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். வலி வந்த அன்று போனில் தமிழில் தேடிப் பார்த்தேன். தோள்பட்டை வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லித்தான் வந்தது.

ஏன் ஆள் உள்ளே போகவேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையின் அடிமண் ஒரே மாதிரி இல்லை. கடற்கரைப் பக்கம் மணலும் களிமண்ணும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் சார்னோகைட் பாறை. நடுவில் பல இடங்களில் அடியில் பாறையும் மேலே இளகிய மண்ணுமாகக் கலந்து கிடக்கும். கட்டர்ஹெட் என்பது மெஷினின் முன்னால் சுற்றும், பற்கள் பதித்த தலை. ஆறரை மீட்டர் விட்டமுள்ள அது ஒரே சுற்றில் பாறையிலும் இடிக்கும், மண்ணிலும் உழும். அந்த இடிப்பில் மண்ணைச் சுரண்டும் ஸ்கிரேப்பர் பல் உடையும். களிமண் அப்பிக்கொண்டால் பாறையை நொறுக்கும் டிஸ்க் கட்டர் உருளாமல் சிக்கி, ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்துவிடும். ஆபரேட்டர் கேபினில் இருப்பவருக்கு இது முன்கூட்டியே தெரியும்: தள்ளும் விசையை ஏற்றினாலும் வேகம் வராது, டார்க் (சுற்றும் விசை) எகிறும், தோண்டிய மண்ணை வெளியே தள்ளும் ஸ்க்ரூ கன்வேயரில் வரும் மண் கைவைத்தால் சுடும், சில சமயம் இரும்புத் துண்டும் வரும். அப்படித் தெரிந்த உடனே, நல்ல இடம் பார்த்து நிறுத்தித் திட்டமிட்டுப் பல் மாற்றினால் பாதி ஆபத்து குறைந்துவிடும். கெட்டியான பாறைக்குள்ளோ, முன்கூட்டியே க்ரௌட் (சிமெண்ட் கலவை) போட்டு இறுக்கிய மண்ணுக்குள்ளோ, ஸ்டேஷன் சுவரை ஒட்டியோ நிறுத்தினால் சாதாரணக் காற்றிலேயே உள்ளே போய் வரலாம். "இன்னும் பத்து ரிங் ஓட்டிடலாம்" (ரிங் என்பது சுரங்கச் சுவரின் ஒரு வளையம்) என்று இழுத்துக்கொண்டே போனால் மெஷின் தானாக ஓர் இடத்தில் நின்றுவிடும். அது தண்ணீரும் மணலும் நிறைந்த, மேலே வீடுகள் இருக்கும் இடமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெர்த்தா என்று பெயர் வைத்த 17.5 மீட்டர் விட்டமுள்ள டிபிஎம் 2013 டிசம்பரில் நின்றது. அதன் முன்பகுதியை வெளியே எடுக்க 120 அடி ஆழத்துக்குத் தனிக் குழி தோண்டவேண்டியிருந்தது. மறுபடி ஓட இரண்டு வருடம் ஆனது. அந்த அளவுக்குப் போகக்கூடாது என்ற பயம் எல்லா சைட்டிலும் உண்டு. நம் ஊரிலும் 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கியது நினைவிருக்கும். அப்போது கீழே மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே ரோடு இறங்கினால் மறுநாள் டிவியில் வரும். அதனால் நகரத்துக்குள் மெஷின் நின்றால் எல்லோரும் சாலையைத்தான் பார்ப்பார்கள். உள்ளே போயிருக்கும் மூன்று பேருக்கு வெளியே வர எவ்வளவு நேரம் வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் பின்னால் போய்விடும். எனக்கு நடந்ததும் அதுதான்.

எங்கள் மெஷின் நின்றது மணல் கலந்த இடத்தில். அங்கே சும்மா கதவைத் திறந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே கொட்டும். அதனால் கட்டர்ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் பாதி மண்ணை இறக்கிவிட்டு, முகப்பு மண்மீது பெண்டோனைட் என்ற களிமண் குழம்பைப் பூசி அடைத்து, மேல் பாதியில் அழுத்தக் காற்றை நிரப்புவார்கள். காற்றுதான் தண்ணீரைத் தள்ளிப் பிடித்து நிற்கும். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம் என்பது தோராயக் கணக்கு. சென்னையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் இருபது மீட்டர் ஆழத்தில் இரண்டு பாரை நெருங்கிவிடும். எங்களுக்கு 1.8 பார். காற்றை நிரப்பியதும் ஆளை அனுப்பிவிடக் கூடாது; சில மணி நேரம் கம்ப்ரசர் எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பார்க்கவேண்டும். அந்த அளவு ஏறிக்கொண்டே போனால் காற்று எங்கோ தப்புகிறது என்று அர்த்தம். சென்னையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: பழைய கிணறுகளும் கைவிட்ட போர்வெல்களும். முதல் கட்ட வேலையிலேயே போர்வெல் வழியாகச் சேறும் நுரையும் மேலே பொங்கிய கதைகள் உண்டு. அந்த வழியாகவே காற்றும் போகும், காற்று போனால் முகப்பு சரியும். மேலே ரோட்டில் ஒருவர் குமிழி வருகிறதா என்று நடந்து பார்க்கிறாரா, மாற்று கம்ப்ரசரும் ஜெனரேட்டரும் ஓடும் நிலையில் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். எங்கள் சைட்டில் இந்த இரண்டும் ஒழுங்காகவே இருந்தன, அதைச் சொல்லியாகவேண்டும்.

இன்னொன்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். கட்டர்ஹெட்டைச் சுற்றவைக்கும் டிரைவை பூட்டி, சாவியை உள்ளே போகும் ஃபோர்மேன் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பூட்டு இல்லாமல், கேபினில் ஒரு சிவப்பு அட்டையை மட்டும் மாட்டிவிட்டு ஆள் அனுப்பும் சைட்டுகள் இருக்கின்றன என்று கேள்வி. அடுத்த பல்லுக்குப் போகக் கட்டர்ஹெட்டைக் கொஞ்சம் சுற்றவேண்டியிருந்தால், எல்லோரும் மேன்லாக்குக்குள் (ஆட்களுக்கு அழுத்தத்தை ஏற்றி இறக்கும் சின்ன அறை) வந்து, தலை எண்ணி, கதவைச் சாத்திய பிறகுதான் சுற்றவேண்டும். ஒரு டிஸ்க் கட்டர் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். பெண்டோனைட் பூசிய கையில் செயின் பிளாக்கே வழுக்கும். போல்ட்டைக் கழற்றும் முன் கட்டரை செயினில் மாட்டிவிட்டார்களா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். இன்னும் ஒரு விஷயம்: அழுத்தக் காற்றில் நெருப்பு பிடித்தால் வெளியே எரிவதைவிட மூர்க்கமாக எரியும். போன், லைட்டர், எண்ணெய்த் துணி எதுவும் உள்ளே வரக்கூடாது. இறுகிப்போன போல்ட்டை கேஸ் கட்டிங் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்குத் தனி பெர்மிட் எங்கே என்று கேளுங்கள்.

உள்ளே போவது கஷ்டமாக இல்லை. மேன்லாக்கில் மூன்று பேர் முட்டி இடிக்க உட்கார்ந்தோம், கதவு சாத்தியது, காற்று இரைந்தது, காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினால் காது திறந்துவிடும். சளி பிடித்திருந்தால் திறக்காது; சம்பளம் போனாலும் அன்று போகக்கூடாது. குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறியது, சிரித்தோம். உள்ளே கொதித்தது. ஸ்கிரேப்பர் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் மண்ணோடு மண்ணாக இறுகியிருந்தன. வேலை முடிந்து திரும்பி மேன்லாக்கில் உட்கார்ந்து அழுத்தத்தை இறக்கும்போது பனி மூட்டம் வந்தது, குளிர்ந்தது. சுவரில் மூன்று ஆக்ஸிஜன் மாஸ்க்குகள் மாட்டியிருந்தன. அவற்றின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அது எதற்கு என்று வெளியே இருந்த லாக் அட்டெண்டன்ட்டிடம் மைக்கில் கேட்டேன். "அது எமர்ஜென்சிக்கு, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ஷிஃப்ட் மாறும் நேரம், அடுத்த டீம் வெளியே காத்திருந்தது. கடைசியாக இறங்கவேண்டிய கட்டத்தில் நிற்கவேண்டிய நேரத்தைச் சுருக்கினார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

அன்று மாலை எனக்கு லீவ். ஊர் கோத்தகிரி. இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தேன். இடது தோளில் லேசான வலி இருந்தது. ஸ்பேனர் இழுத்த வலி என்றுதான் யாருக்கும் தோன்றும். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினேன். குஞ்சப்பனை தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஏற, தோளுக்குள் திருகாணியை வைத்துத் திருகுவதுபோல் ஆனது. கையை எந்தப் பக்கம் வைத்தாலும் வலித்தது. அழுத்திப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார், அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அம்மா தைலம் தேய்த்தார். பிறகு கிளினிக். டாக்டர் நல்ல மனிதர்; இடது தோள் வலி என்றதும் முதலில் ஈசிஜி எடுத்து இதயம் இல்லை என்று உறுதிசெய்தார், வலிக்கு ஊசி போட்டார். அழுத்தக் காற்றில் வேலை என்று நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஏஜென்சி சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். ரெஸ்ட் எடுத்துட்டு திங்கட்கிழமை வா என்றார். இரவெல்லாம் தூங்கவில்லை. கை விரல் மரத்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் அழுவார்கள், எனக்கும் என்னவென்று தெரியாது.

மறுநாள் லோகோ ஓட்டும் தூத்துக்குடி அண்ணன் ஒருவர் வேறு விஷயமாக போன் செய்தார். சொன்னதும் குரல் மாறிவிட்டது. "தம்பி, மலையிலயா இருக்க? மொதல்ல கீழ இறங்கு. இது சங்கு குளிக்க கம்ப்ரசர் போட்டு இறங்குறவங்களுக்கு வர்ற வலி. எங்க சித்தப்பாவுக்கு இதுலதான் கால் போச்சு." மூன்று வருடம் டிப்ளமோ படித்த எனக்கும், பெர்மிட்டில் கையெழுத்து போட்ட அத்தனை பேருக்கும் தெரியாதது, கடலோரத்து வீடுகளில் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த நோய்க்கு டீகம்ப்ரஷன் சிக்னஸ் என்று பெயர். விஷயம் இவ்வளவுதான். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக அழுத்தத்தை இறக்கினால் மூச்சு வழியாகப் போய்விடும். வேகமாக இறக்கினால் கோலி சோடாவைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. 1878-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே, நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இதே நோயில் விழுந்தார். பாலம் முடியும்வரை வீட்டில் இருந்தபடிதான் வேலையைக் கவனித்தார். மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் இன்னும் குறைகிறது, குமிழி இன்னும் பெரிதாகிறது. விமானத்தில் போகக்கூடாது என்று எழுதிவைத்த சைட்டுகளில்கூட மலைப்பாதை பற்றி எழுதுவதில்லை. கோத்தகிரி 1,800 மீட்டரை நெருங்கும், ஊட்டி 2,200-க்கு மேல், கொடைக்கானல் 2,100. வெளியே வந்து ஒரு முழு நாளாவது தரையிலேயே இருங்கள். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் சைட் டாக்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் சில மணி நேரம் மெடிக்கல் லாக்கிலிருந்து (மறுபடி அழுத்தம் கொடுத்து வைத்தியம் பார்க்கும் அறை) தூரம் போகவே கூடாது. மூட்டு வலி, தோலில் சலவைக்கல் மாதிரித் திட்டு, மரத்துப்போதல், தலைசுற்றல், நடை தள்ளாடுதல், சிறுநீர் போகாமல் இருத்தல், மூச்சு முட்டுதல் என்று எது வந்தாலும் அதற்கு மருந்து வலி மாத்திரை இல்லை. ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே மறுபடி அழுத்தத்துக்குள் கொண்டுபோவதுதான் வைத்தியம். தள்ளாடி நடப்பவரைக் குடித்துவிட்டான் என்று ஓரமாகப் படுக்கவைத்த கதைகள் பழைய சுரங்கங்களில் நிறைய உண்டு. அதனால்தான் பல நாடுகளில் அழுத்தக் காற்றுத் தொழிலாளி, "என்னை இந்த மெடிக்கல் லாக்குக்குக் கொண்டுவாருங்கள்" என்று எழுதிய பட்டையையோ அட்டையையோ வைத்துக்கொள்கிறார். உங்களுக்குத் தரவில்லையென்றால் ஒரு பேப்பரில் நீங்களே எழுதி பர்ஸில் வையுங்கள்.

கோயம்புத்தூருக்கு இறங்கி, அங்கிருந்து காரில் சென்னை வந்தேன். ரயிலில் படுக்கும் நிலையில் இல்லை. கார் வாடகையே பன்னிரண்டாயிரம். சைட்டின் மெடிக்கல் லாக் பற்றிக் கேட்டால், டாக்டர் ஆன் கால், இன்று வரமாட்டார் என்றார்கள். ஹைபர்பாரிக் சேம்பர் (அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கும் குழாய் மாதிரி அறை) உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பெரும்பாலும் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு வருகிறவர்கள். டாக்டருக்கு என் நோய் தெரிந்திருந்தது. எத்தனை பார், எவ்வளவு நேரம், எந்த அட்டவணைப்படி வெளியே வந்தீர்கள், ஆக்ஸிஜன் எடுத்தீர்களா என்று கேட்டார். என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. ஏஜென்சியைக் கேட்டால், உள்ளே போய் வந்ததைப் பதியும் லாக் புத்தகம் கம்பெனியிடம், கம்பெனியைக் கேட்டால் ஏஜென்சியிடம். முதல் சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம், பிறகு சில நாள் சிறியவை. அந்தக் குழாய்க்குள் மாஸ்க்கோடு படுத்திருந்தபோது வலி குறைய ஆரம்பித்தது. நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. உறை பிரிக்காத அந்த மூன்று மாஸ்க்குகள்தான் கண்ணில் நின்றன. பிரிட்டனில் ஒரு பாருக்கு மேல் போனாலே வெளியே வரும்போது ஆக்ஸிஜன் சுவாசிக்கவேண்டும் என்று இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. சேம்பர், எம்ஆர்ஐ, வாடகை, சம்பளமில்லாத நாட்கள் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. தங்கையின் நகை அடகுக்குப் போனது.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வருவதற்கு முன்பிருந்த சட்டத்தில் இதற்கு இடம் இல்லையா என்றால், நன்றாகவே இருந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளில் மேன்லாக், மெடிக்கல் லாக் இரண்டுக்கும் விளக்கமே கொடுத்திருந்தார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை, பகுதி ஏ-யில் அழுத்தக் காற்று வேலையால் வரும் நோய்கள் என்றே ஒரு வரி இருந்தது. பகுதி ஏ-யில் இருந்தால், இத்தனை மாதம் வேலை பார்த்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை. விபத்துக் காயம் மாதிரியே கணக்கு. ஏஜென்சி ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது, வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்தின்மீதும் கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொன்னது. என் சம்பளம் அப்போதைய இஎஸ்ஐ வரம்பான 21,000-ஐத் தாண்டியதால் எனக்கு இந்த வழிதான் இருந்தது. இதை எனக்குச் சொன்னது தொழிலாளர் துறை அலுவலக வாசலில் டைப் அடித்துக் கொடுப்பவர்.

உள்ளே போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். போவதற்கு முன் எடுத்த மருத்துவச் சோதனையின் நகல், ஒவ்வொரு முறையும் எந்த அழுத்தம், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்ற பதிவு, இரண்டும் உங்கள் கையில் இருக்கவேண்டும். கொடுக்கவில்லையென்றால் அன்றன்றைக்கு நீங்களே எழுதி, நேரத்தோடு வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த வேலையில் எலும்புச் சேதம் பல மாதம், சில சமயம் வருடங்கள் கழித்துத்தான் தெரியும். தோளிலும் இடுப்பிலும் மூட்டுத் தலை உள்ளுக்குள் சாகும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன் எம்ஆர்ஐயில் தெரியும். அதற்குள் சுரங்கம் முடிந்து, கன்டெய்னர் ஆபீஸைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு இடது தோளில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மெஷின் ஷாப்பில் வேலை, சம்பளம் பாதி.

வழக்கு நடக்கிறது. போன விசாரணையில் ஏஜென்சி சார்பில் வந்தவர், அந்தத் தேதியில் நான் உள்ளேயே போகவில்லை என்றார். மேன்லாக் பக்கத்தில் தொங்கும் வெள்ளைப் பலகையில் எங்கள் மூன்று பேர் பெயரும் 1.8 என்ற எண்ணும் நேரமும் எழுதியிருந்ததை, தூத்துக்குடி அண்ணன் தற்செயலாக ஒரு செல்ஃபியில் பிடித்திருந்தார். அதைக் காட்டினோம். அதிகாரி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அடுத்த தேதி போட்டிருக்கிறார்.